250 கிலோவும் ஒரு துண்டுக் காகிதமும்

உபகாரம் செய்ய மனம் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மனத்தோடு கையில் நாலு காசும் இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். சொந்தத்தில் ஓர் ஆகாய விமானமே இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா? புயலடித்த ஊருக்கு நேரே பறந்து போய் இறங்கி, ரொட்டியும் பாலும் மருந்தும் அள்ளிக் கொடுத்துவிட்டு வரலாமே என்று தோன்றும்.

2024-ம் வருஷம் அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்தில் சில நாட்கள் ஒரு தராசின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உபகாரத்துக்கு இறக்கை முளைத்தால் மட்டும் போதாது, அது போய் இறங்க எதிர்ப்பக்கத்தில் இடமும் வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று.

நான் பாங்கில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். சார்லட் நகரத்தில் மகள் வீட்டில் வாசம். எதிர் வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். என்னிடம் சாய்வு நாற்காலி இருப்பதுபோல் அவரிடம் ஒரு விமானம் இருக்கிறது. 'செஸ்னா 182' என்று பெயர். நாலு பேர் உட்காரலாம். முன்னால் ஒற்றை விசிறி. "அப்படியானால் டாக்டர் கோடீசுவரரா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தத் தேசத்தில் சொந்த விமானம் என்பது ராஜபோகம் அல்ல. பழைய விமானத்தை வாங்கி, வருஷா வருஷம் செப்பனிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஜில்லாவுக்குப் பறந்து போய்க் காப்பி சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். பொதுஜனங்கள் உபயோகிக்கும் விமான நிலையங்கள் அங்கே சுமார் 5,000 உண்டு. டிக்கெட் வாங்கி ஏறும் பெரிய விமானங்கள் போவது அவற்றில் பத்தில் ஒரு பங்குக்குத்தான். மற்றதெல்லாம் இந்தச் சின்ன விமானங்களின் ராஜ்யம்.

அந்தச் சின்ன விமான நிலையங்களுக்குத்தான் அந்த வருஷம் ஒரு பெரிய வேலை வந்து சேர்ந்தது.

'ஹெலீன்' என்ற புயல் செப்டம்பர் 26-ந் தேதி இரவு புளோரிடாவின் வட பகுதியில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 225 கிலோ மீட்டர். கடற்கரைக்காரர்கள் முன்னெச்சரிக்கையாக இருந்தார்கள். ஆனால் அங்கிருந்து சுமார் 600 கிலோ மீட்டர் தள்ளி, மலைமேல் இருக்கும் மேற்கு வட கரோலினா ஜனங்கள் புயலை எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள் அல்லர். புயலுக்கு முன்னாலேயே அங்கே மழை பிடித்துக்கொண்டு பூமி ஊறிக் கிடந்தது. அதன் மேல் புயல் மழையும் கொட்டிற்று. பியூசிக் என்ற இடத்தில் மூன்று நாளில் 30 அங்குலத்துக்கு மேல் பதிவாயிற்று. இரண்டரை அடித் தண்ணீர்! சமதரையில் பெய்தால் பரவி நிற்கும். மலையில் பெய்தால் என்ன செய்யும்? பாறையையும் மரத்தையும் வீட்டையும் புரட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு இறங்கியது.

டென்னசி எல்லைக்கு அருகே 40-ம் நம்பர் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி பிஜன் நதிக்குள் சரிந்து விழுந்தது. 26-ம் நம்பர் சாலையிலும் பாலங்கள் போயின. மேற்கு வட கரோலினாவில் உள்ள எல்லாச் சாலைகளும் மூடிக் கிடப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று ராஜ்யத்தின் சாலை இலாகாவே அறிவித்துவிட்டது. ஆஷ்வில் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய்கள் அடித்துக்கொண்டு போயின. மின்சாரம் இல்லை. கைப்பேசி வேலை செய்யவில்லை. மிச்செல் மலை மேலிருந்த அமெச்சூர் ரேடியோ நிலையம் மட்டும் இயங்கிக்கொண்டிருந்ததால், பொழுதுபோக்குக்கு ரேடியோ வைத்திருந்தவர்கள் அதன் மூலம் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டார்கள்.

மலைச்சாலை என்பது ஒரு சங்கிலி. நூறு பாலத்தில் ஒரு பாலம் போனாலும் லாரி நின்றுவிடும். விமானத்துக்கு அந்தக் கவலை இல்லை. போகிற இடத்தில் 3,000 அடிக்குத் தார் போட்ட சமதரை இருந்தால் போதும்; இறங்கிவிடும். ஆகவே, சாலை போன ஊர்களுக்கு ஓடுபாதைதான் வாசற்படி ஆயிற்று.

2017-ல் ஹார்வி புயல் டெக்ஸாஸைத் தாக்கியபோது சில விமானிகள் சேர்ந்து 'ஆப்பரேஷன் ஏர்டிராப்' என்று ஒரு தொண்டு ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் சார்லட்டுக்குப் பக்கத்தில் கன்கார்டு விமான நிலையத்தில் முகாம் போட்டார்கள். டாக்டரும் தம் விமானத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"அப்பா, அங்கே போய் நீங்க என்ன செய்யப் போறீங்க? உங்களுக்கு விமானம் ஓட்டத் தெரியுமா, மூட்டை தூக்க முடியுமா?" என்றாள் மகள்.

"முப்பத்திரண்டு வருஷம் கூட்டிக் கழித்திருக்கிறேனே அம்மா, அது எதற்காவது உபயோகப்படாதா?" என்றேன்.

உபயோகப்பட்டது. என்னைத் தராசில் போட்டார்கள். அதாவது, தராசுப் பக்கம் நிறுத்தினார்கள். ஜனங்கள் காரில் கொண்டுவந்து கொட்டும் சாமான்களைப் பிரித்து, பெட்டியில் அடைத்து, ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து, அதன் தலையில் எடையைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். சின்ன விமானத்தில் இந்தக் கணக்குத் தப்பினால் பேரேட்டில் திருத்திக்கொள்ள முடியாது.

டாக்டரின் விமானக் கணக்கைக் கேளுங்கள். பெட்ரோல், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து அது சுமக்கக் கூடியது சுமார் 520 கிலோ. புயலடித்த ஊரில் பெட்ரோல் கேட்கக் கூடாது. மின்சாரம் இல்லாமல் பம்பு ஓடாது, ஜெனரேட்டர் வைத்து இறைத்தாலும் அது மீட்பு வேலைக்கு வேண்டும். ஆகையால் போக, வர, வழியில் திரும்ப நேர்ந்தால் சுற்ற, எல்லாவற்றுக்கும் இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். அது 110 கிலோ. டாக்டர் 85 கிலோ. பாக்கி 325. மலைமேல் காற்று லேசு, ஓடுபாதை குட்டை. ஆகவே அதையும் முழுவதும் நிரப்ப மாட்டார். கொஞ்சம் விட்டு வைப்பார்.

இதில் செலவு யாருடையது என்று கேட்கிறீர்களா? முழுவதும் டாக்டருடையது. சொந்த விமானம் ஓட்டும் லைசென்ஸ்காரர் கூலி வாங்கிக்கொண்டு சாமான் கொண்டு போக அங்கே சட்டம் இடம் கொடுக்காது. ஒரு நடைக்கு ஏறக்குறைய 100 டாலர் பெட்ரோல் எரியும். நீல நிறத்தில், பார்ப்பதற்குத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்ததுபோல் இருக்கும் அந்தப் பெட்ரோலைத் தம் காசில் ஊற்றிக்கொண்டு நாள் முழுவதும் பறந்தார்கள், அவரைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்கள்.

முகாமில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், 'இன்று தேவை.' வலது பக்கம், 'இன்று வேண்டாம்.' வேண்டாம் பக்கத்தில் முதல் வரியிலேயே 'பழைய துணி' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டும் ஜனங்கள் துணி மூட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள். நல்ல மனசுதான், திருப்பி அனுப்ப வாய் வராது. ஆனால் துணி ஏறினால் பால் பவுடர் இறங்க வேண்டும். தராசுக்குத் தாட்சணியம் கிடையாது.

அங்கே எல்லாவற்றையும்விட முக்கியமாக நடந்த காரியம் அனுமதி கேட்பது. எந்த விமானமும் நினைத்த மாத்திரத்தில் கிளம்பக் கூடாது. இறங்கப் போகும் விமான நிலையத்துக்கு முகாம்காரர்கள் சொல்லி அனுப்புவார்கள். 'வா' என்று பதில் வந்த பிறகுதான் எஞ்சின் ஓடும்.

ஏன் இத்தனை சம்பிரமம்? புயலிலிருந்து எழுந்திருக்கும் விமான நிலையம், காய்ச்சலில் படுத்து எழுந்தவன் மாதிரி. வெளியே பார்த்தால் ஆள் இருக்கிறான். உள்ளே பலம் இல்லை. ஓடுபாதையில் ஆணியும் கிளையும் கிடக்கும். பெருக்க ஆள் வேண்டும். விளக்கு எரியாது, சூரியன் இருக்கும் வரைதான் வியாபாரம். விமானங்களை நிறுத்தும் தளம் பத்து விமானத்துக்கு என்று போட்டிருப்பார்கள். அங்கே முப்பது வந்து நின்றால் முப்பத்தோராவது எங்கே போகும்? பெரிய ஹெலிகாப்டர் பக்கத்தில் வந்து இறங்கினால் அதன் காற்றே சின்ன விமானத்தைப் புரட்டிவிடும். இறக்கிய சாமானை மலைக் குடிசைகளுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். வண்டி வரவில்லை என்றால் பால் பவுடர் ஓடுபாதை ஓரத்தில் மழையில் நனையும்.

நிவாரண விமானங்கள் ஏராளமாகக் குவிவதால் முன் அனுமதி பெற்று வர வேண்டும் என்று மத்திய விமான இலாகாவும் கேட்டுக்கொண்டது. இதைப் பற்றி ஒரு வதந்தியும் கிளம்பிற்று. சொந்த விமானக்காரர்கள் உதவி செய்யாதபடி சர்க்கார் வானத்தையே மூடிவிட்டது என்று! போக்குவரத்து மந்திரி அப்படி எதுவும் இல்லை என்று பகிரங்கமாக மறுக்க வேண்டியதாயிற்று.

முகாமிலும் ஓர் இளைஞர் இதை நம்பிக் கொதித்துக்கொண்டிருந்தார். அவருடைய விமானம் பாரம் ஏற்றி நின்றது, அனுமதி வரவில்லை.

"அங்கே குழந்தைகள் பட்டினி கிடக்கின்றன. இங்கே நம்மைத் தடுக்கிறார்கள். வானம் இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார்.

டாக்டர் நிதானமாக, "தம்பி, வானம் திறந்துதான் இருக்கிறது. தளம்தான் நிரம்பியிருக்கிறது. பல்லைப் பிடுங்க நான் தயாராக இருந்தால் போதுமா? நோயாளி வாயைத் திறக்க வேண்டாமா?" என்றார்.

அன்று டாக்டருக்கும் 'நாளை வா' என்றுதான் பதில் வந்தது. அவருடைய பாரத்தில் ஐஸ் பெட்டியில் வைத்த இன்சுலின் இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. ஆனால் முகாம்காரர்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இறங்க அனுமதி கிடைத்திருந்த ஒரு ஹெலிகாப்டருக்கு அந்த ஒரு பெட்டியை மட்டும் மாற்றினார்கள். பத்து நிமிஷத்தில் அது மலையை நோக்கிப் பறந்துவிட்டது. எல்லோரும் ஒரே இடத்தில் கேட்டுக்கொண்டு கிளம்பியதால்தான் எந்த வண்டியில் இடம் இருக்கிறது என்பது தெரிந்தது.

மறுநாள் டாக்டருக்கு அனுமதி கிடைத்தது. ஸ்புரூஸ் பைன் ஊருக்கு அருகே, ஏவரி ஜில்லாவின் சின்ன விமான நிலையம். ஸ்புரூஸ் பைனைச் சாதாரண ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கும் கைப்பேசிக்கும் சிலிக்கன் சில்லு செய்கிறார்களே, அந்தச் சிலிக்கனை உருக்கும் பாத்திரத்துக்கு மகா சுத்தமான குவார்ட்ஸ் கல் வேண்டும். உலகத்துக்கே அதைப் பெரும்பாலும் கொடுப்பது இந்த ஊர்ச் சுரங்கங்கள்தான். அப்பேர்ப்பட்ட ஊரின் கடைத்தெருவில் டோ நதி புகுந்துவிட்டது.

"நீங்களும் வாருங்கள்" என்றார் டாக்டர்.

"என் எடை 62 கிலோ. 800 கிராம் பால் பவுடர் டப்பாவில் 77 டப்பா. நான் ஏறினால் அவ்வளவும் இறங்க வேண்டும்" என்றேன்.

"அங்கே கோபுரத்தில் உட்கார்ந்து வழி சொல்ல யாரும் இல்லை. வானத்தில் ஈ மொய்ப்பதுபோல் விமானங்கள். எனக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். அதற்கு 62 கிலோ கொடுக்கலாம்" என்றார்.

ஆகவே 250 கிலோ சாமானும் நானும் ஏறினோம். பால் பவுடர், குழந்தைத் துணிகள், விழுந்த மரத்தை அறுக்கும் யந்திர ரம்பத்துக்கு எண்ணெய், நாய்த் தீனி. நாய்த் தீனியா என்று நானும் கேட்டேன். நாயை விட்டுவிட்டு வெளியேற மாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் பலர் என்று பதில் வந்தது.

பறந்து சுமார் முப்பத்தைந்து நிமிஷம். சமவெளி முடிந்து நீலமலைத் தொடர் எழும்பியது. தூரத்திலிருந்து பார்க்கும்போது மலை அழகாகத்தான் இருந்தது. கிட்டே போனதும் பச்சையின் நடுவே நகக்கீறல்போல் செம்மண் சரிவுகள் தெரிந்தன. நதி காப்பி நிறத்தில் ஓடிற்று. பாதை நதிக் கரை வரையில் வந்து நின்றது. எதிர்க் கரையில் மறுபடியும் தொடங்கியது. நடுவில் பாலம் இல்லை.

கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் இறங்கும் முறை விசித்திரமானது. அந்த வட்டாரத்தில் பறக்கும் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசிக்கொள்வார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி, 'நான் இன்னார், இத்தனை மைலில், இத்தனை உயரத்தில், இன்ன பக்கமாக வருகிறேன்' என்று தானே அறிவித்துக்கொள்ள வேண்டும். சாதாரண நாளில் மணிக்கு ஒரு குரல் கேட்டால் அதிகம். அன்றைக்குச் சந்தைக் கடை! ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு.

ஓடுபாதை நேரே தெரிந்தது. டாக்டர் வேகத்தைக் குறைத்து இறங்கத் தொடங்கினார். அப்போது வலது பக்கம், எங்களுக்குக் கீழே, மரங்களின் நிறத்திலேயே ஏதோ அசைந்தது.

"வலது பக்கம்! கீழே! ஹெலிகாப்டர்!" என்று கத்தினேன்.

டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எஞ்சின் உறுமியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் ஏறிற்று. அந்த ஹெலிகாப்டர் நாங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தின் வழியே சாவதானமாகக் குறுக்கே போயிற்று. மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்டு, எஞ்சின் நின்று, விசிறியும் நின்ற பிறகுதான் டாக்டர் வாயைத் திறந்தார்.

"62 கிலோவுக்கும் வசூலாகிவிட்டது" என்றார். என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவருடைய கையும் கொஞ்சம் நடுங்கிற்று என்றே சொல்ல வேண்டும்.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "வாருங்கள், வாருங்கள்! துணி இல்லையே?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. நாலைந்து வாலிபர்கள் எட்டு நிமிஷத்தில் விமானத்தைக் காலி செய்தார்கள். பெட்டிகள் ஒரு டிரக்கில் ஏறின. டிரக் போகிற வரை போகும். அதற்கு மேல் நாலு சக்கரச் சின்ன வண்டி. அதுவும் போகாத இடத்துக்குக் கோவேறு கழுதை. அந்த மலைகளில் 2024-ல் மருந்து மூட்டை கழுதை முதுகில் போனது கதை அல்ல, நிஜம்.

"நேற்று இன்சுலின் வந்ததா, அம்மா?" என்று கேட்டேன்.

"வந்தது. ஐஸ் கூடக் கரையவில்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊசி வரவில்லையே, சார்! மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளி உட்கார்ந்திருக்கிறார். இங்கே இருக்கும் ஒரே சாட்டிலைட் டெலிபோனில் விமானங்களுக்கு வா, போ என்று சொல்லவே நேரம் போதவில்லை" என்றார்.

நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். முதல் வரியில் 'ஊசி' என்று எழுதி மூன்று கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே கிழவர்களுக்கான ரத்த அழுத்த மாத்திரை, ஒரு குறிப்பிட்ட ரகக் குழந்தைப் பால், மூக்குக் கண்ணாடி. கடைசியில் 'தண்ணீர் பாட்டில் போதும், அனுப்ப வேண்டாம்' என்று இருந்தது.

போகும்போது 250 கிலோ. திரும்பும்போது அந்த ஒரு தாள். அதைச் சட்டைப் பையில் வைத்து இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கன்கார்டில் இறங்கியபோது மணி நாலே முக்கால். பலகையில் தண்ணீர் பாட்டில் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குப் போயிற்று. ஊசி இடது பக்கத்தில் முதல் வரிக்கு ஏறியது. மருந்துப் பெட்டிகளைக் குடைந்ததில் ஊசிகள் அகப்பட்டன. இருட்டுவதற்குள் போக வேண்டும். விளக்கில்லாத ஓடுபாதை, சுற்றிலும் மலை. டாக்டருடைய விமானத்தைவிட வேகமாகப் போகும் விமானம் அந்த முதல் நாள் கொதித்த இளைஞருடையது. டெலிபோன் போட்டார்கள். இந்தத் தடவை உடனே 'வா' என்று பதில். ஐந்தரைக்குள் அவர் கிளம்பிவிட்டார். ஆறு மணிக்குள் ஊசி மலைமேல் இறங்கிற்று. பெட்டியின் எடை 3 கிலோ கூட இல்லை. நான்தான் நிறுத்தேன்.

சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முகாமில் விமானங்கள் குறைந்தன. இதிலும் ஒரு கணக்கு உண்டு. பெரிய லாரி ஒன்று சுமார் 20 டன் ஏற்றும். அதை டாக்டரின் விமானம் சுமக்க 80 நடை போக வேண்டும். லாரி போக வழி பிறந்த பிறகும் சின்ன விமானம் ஓடுபாதையை அடைத்துக்கொண்டு நின்றால் அது உபகாரம் இல்லை, உபத்திரவம். டாக்டர் அதை அறிந்தவர். "இனிமேல் லாரிக்காரர் பாடு" என்று சொல்லி, விமானத்தைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார்.

மலைநாடு அதனோடு பிழைத்து எழுந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்தப் புயல் அமெரிக்காவில் 200-க்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. அவர்களில் பெரும் பங்கு வட கரோலினாக்காரர்கள். ஆஷ்வில் குழாயில் குடிக்கக் கூடிய தண்ணீர் நவம்பர் 18-ந் தேதிதான் மறுபடி வந்தது. சரிந்த 40-ம் நம்பர் சாலையில் 2025 மார்ச் முதல் தேதிதான் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று திறந்துவிட்டார்கள். ஆகாய மார்க்கமாகச் செய்த உதவி முதல் சில நாட்களுக்குத்தான். ஆனால் இன்சுலின் வேண்டியவருக்கு அந்தச் சில நாட்கள்தான் வாழ்வும் சாவும்.

எங்கேயாவது புயல் என்று கேட்டால் உடனே ஓட வேண்டும் என்று நமக்குத் தோன்றுவது நல்ல குணம். அதை விட்டுவிட வேண்டாம். ஓடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை, "என்ன வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளலாம். "இன்று வேண்டாம்" என்று பதில் வந்தால் முகம் சுளிக்காமல் காத்திருக்கலாம். அந்த இளைஞர் காத்திருந்தார். அதனால்தான் ஊசி வந்த நேரத்தில் அவருடைய விமானம் பெட்ரோலோடு தயாராக நின்றது.